எழுதியாச்சு என்று டிஸ்க் சொன்னது

சர்வர் பராமரிப்பு என்பது மாட்டு வைத்தியம் மாதிரி: நோயாளி வாயைத் திறக்காது, கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் பேசுவார்கள்.

நான் அந்த வைத்தியத்தைத் திருவனந்தபுரத்தில் பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த பத்து வருஷங்களில். வலியசாலையில் ஓர் அக்ரகார வீட்டின் மாடிதான் எங்கள் கம்பெனி. முதலாளி சுகுமாரன் சார். புரோகிராம் எழுதுகிறவன் பினு. சர்வரைப் பார்த்துக்கொள்பவள் நான், உமா. சின்ன ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை லேபுகளுக்கு சாஃப்ட்வேரும் சர்வரும் கொடுப்பது தொழில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே ஆயுளில் ஒரு பகுதியைக் கழித்தவர்கள் எல்லாரையும் சொந்தக்காரர்களாகவே பாவித்து இதை எழுதுகிறேன்.

புது மெஷின்

விழிஞ்ஞம் போகிற வழியில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி எங்களுக்குப் பெரிய வாடிக்கையாளர். பெரிய என்றால், எங்களைத் திட்டுவதற்கு ஆட்கள் அதிகம் உள்ள இடம். லேப் பொறுப்பு ஸ்டெல்லா அக்காவிடம். மார்த்தாண்டத்துக்காரர், ஊசி குத்தியது தெரியாத கை. அவருடைய லேபில் இருந்த பழைய சர்வர் அடுப்பு மாதிரி சூடாகிக்கொண்டிருந்ததால் சுகுமாரன் சார் புது சர்வர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். புது டிஸ்க், புது லினக்ஸ் சிஸ்டம், எல்லாம் புதிது. ஆஸ்பத்திரி ஃபாதர் வந்து ஜெபம் பண்ணினார். சுகுமாரன் சார் தன் பங்குக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனம் வைத்தார்.

மறுநாள் காலையிலேயே ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன். பழைய மெஷினில் ரிப்போர்ட்டை அடித்து ‘சேவ்’ அழுத்தினால் விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடும். புதியதில், அழுத்திவிட்டு இன்னொருவருக்கு ரத்தம் எடுத்துவிட்டு வரலாம். போய்ப் பார்த்தேன். பிராசஸர் சும்மா இருந்தது. மெமரி காலியாகக் கிடந்தது. டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. “புதுசு இல்லியா, செட்டில் ஆகணும், ரெண்டு நாள் பாக்கலாம்” என்று நம் தொழிலில் எல்லாரும் சொல்வதை நானும் சொன்னேன். ஸ்டெல்லா அக்கா கோபப்படவில்லை. “அது செட்டில் ஆகிற வரைக்கும் அந்தப் பழசைத் திருப்பித் தருவியளா மேடம்?” என்றார்.

பனி

அது செட்டில் ஆகவில்லை, மழைதான் வந்தது. மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். மீன்பிடிக்கிறவர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஷெட்டுகளில் தங்கியிருந்தவர்கள் என்று லேப் ஜன்னல் முன்னால் வரிசை நின்றது. வரிசை வராந்தாவைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, ரோட்டுக்கு இறங்கியது. உள்ளே ஸ்டெல்லா அக்காவும் இரண்டு பெண்களும் சேவ் அழுத்திவிட்டு மணல் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பொறுமை போனவர்கள் மறுபடி மறுபடி அழுத்தினார்கள். ஒவ்வோர் அழுத்தலையும் மெஷின் தனித்தனியாக மரியாதையோடு ஏற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாமதித்தது.

நான் கழுத்தில் அடையாள அட்டையோடு போனதால் வரிசையில் இருந்த எல்லாருக்கும் நான்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. மலையாளத்தில் காய்ச்சலைப் பனி என்பார்கள். ரிப்போர்ட்டுக்காக நாள்கணக்கில் வந்து போய்க்கொண்டிருந்த ஒரு மீன்காரப் பெரியவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எனக்கு நல்ல சேதி சொல்பவர் மாதிரிச் சொன்னார்: “மோளே, பனி போயி. ரிப்போர்ட்டு மாத்ரம் வந்நில்ல.”

கேஷ்

காரணம் எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. டிஸ்க்குக்குள் சின்னதாக ஒரு மெமரி உண்டு. நாம் அனுப்புவதை முதலில் அதில் வாங்கி வைத்துக்கொண்டு ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும். உள்ளே சுழலும் தட்டில் உண்மையாக எழுதுவது அப்புறம், அதன் சௌகரியப்படி. நடுவில் கரண்ட் போனால் அந்த மெமரியில் இருந்தது போனதுதான். அதனால் முக்கியமான சமயங்களில் சிஸ்டம் ஓர் உத்தரவு போடும்: கையில் இருப்பதையெல்லாம் இப்போதே தட்டில் எழுது, எழுதி முடித்துவிட்டுப் பதில் சொல். இதற்குப் பெயர் ஃபிளஷ். ஃபைல்களைக் கவனித்துக்கொள்ளும் பகுதியான ஃபைல் சிஸ்டம் ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்னால், இன்னது செய்யப்போகிறேன் என்று ஜர்னல் என்ற தனி இடத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். குறிப்பே தட்டில் ஏறவில்லை என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை. ஆகவே ஃபிளஷ் வேண்டும். ஆனால் ஒவ்வொரு ஃபிளஷுக்கும் மற்ற வேலைகள் எல்லாம் காத்து நிற்கும். எங்கள் பழைய லினக்ஸ் இந்த உத்தரவைப் போடாமலே டிஸ்க்கின் வார்த்தையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. புதியது நம்பவில்லை. வேக வித்தியாசம் முழுக்க அந்த அவநம்பிக்கைதான்.

டிஸ்க்கில் இருக்கும் அந்தச் சின்ன மெமரிக்கு எங்கள் பாஷையில் கேஷ் என்று பெயர். இதை நான் ஆஸ்பத்திரி மேனேஜர் அறையில் விளக்கிக்கொண்டிருந்தபோது கேஷியர் கோபி சாரும் ஏதோ வவுச்சரோடு நின்றிருந்தார். “கேஷை அடிக்கடி ஃபிளஷ் பண்றதுனாலதான் சார் பிரச்சினை. தேவையில்லாம கேஷைக் காலி பண்றதைக் குறைக்கணும்” என்றேன். மேனேஜர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். கோபி சாருக்குப் புரிந்துவிட்டது. வவுச்சரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “யாரு காலி பண்ணினாலும் சரி, கேஷ்ல கை வெச்சா என்னோட ஒப்பு வேணும்.”

பினுவின் ஒரு வரி

பினு நல்ல பையன், கெட்டிக்காரன், அவசரக்காரன். இந்த மூன்றும் சேர்ந்த ஆள் நம் எல்லார் ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். “சேச்சி, ஒரு வரி மாத்தினா தீந்தது” என்றான். ஃபிளஷ் உத்தரவே போகாமல் நிறுத்திவிடும் ஒரு செட்டிங் இருந்தது. அது எனக்கும் தெரியும். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சுகுமாரன் சார் குறுக்கே வந்து, “யு.பி.எஸ். உண்டல்லோ உமா, சாரமில்ல” என்றார். சாரமில்ல என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். அவர் அதைச் சொன்னால் யாருக்காவது பெரிதாக ஏதாவது ஆகப்போகிறது என்று அர்த்தம். வேண்டாம் என்றேன், மறுபடியும் வேண்டாம் என்றேன். வரி மாறியது.

லேப் பறந்தது. மத்தியானத்துக்குள் வரிசை ரோட்டிலிருந்து வராந்தாவுக்கு ஏறியது. சாயங்காலம் வராந்தாவே காலி. ஸ்டெல்லா அக்கா கேண்டீனிலிருந்து பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வரவழைத்து எங்களுக்குக் கொடுத்தார். நான் யு.பி.எஸ். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பினு என்னுடையதையும் வாங்கிச் சாப்பிட்டான். அன்று சந்தோஷப்படாத இன்னொருவர் ஒரு ஸ்கூல் டீச்சர். ரத்தம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்துப் பிரிப்பதற்குள் அவர் பேரைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டார்கள். அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “இத்தனை வேகமா? நீங்க என்னோட ரத்தத்தைத்தானே பாத்தீங்க?”

சும்மா கிடந்த சாக்கெட்

வேகமாக ரிப்போர்ட் தருகிறார்கள் என்று பேர் பரவியதும் அக்கம்பக்கத்து கிளினிக்குகளும் ரத்தக் குழாய்களை அங்கேயே அனுப்ப ஆரம்பித்தன. ரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் ஒன்று போதாமல் இரண்டாவதாக ஒன்று வாங்கினார்கள். அதைச் செருக லேபில் இடமில்லை. சர்வர் மேஜைக்குக் கீழே யு.பி.எஸ்.ஸில் மட்டும் ஒரு சாக்கெட் காலியாக இருந்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. பிளக் செருகுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் கம்பெனியைக் கேட்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு நாள் உச்சிப் பொழுதில் கரண்ட் போனது. யு.பி.எஸ். சர்வரைத் தாங்கியிருக்கும். ரத்தக் குழாய்களை வைத்துக்கொண்டு முழு வேகத்தில் சுற்றிய சென்ட்ரிஃபியூஜையும் சேர்த்துத் தாங்கச் சொன்னால் என்ன செய்யும்? நீளமாக ஒரு தடவை அலறிவிட்டுப் படுத்துவிட்டது. கரண்ட் வந்ததும் சர்வர் எழுந்தது. ஜர்னலைப் பார்த்தது; ஜர்னல் பாதிதான் தட்டில் ஏறியிருந்தது. கடைசியாகச் சேவ் ஆன சில ரிப்போர்ட்டுகள் இல்லை. அவை சேவ் ஆகிவிட்டதாகத் திரையில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். நான் போனபோது ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் மணியன் அந்த சென்ட்ரிஃபியூஜ் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் எந்தக் குற்றமும் இல்லை. “சாக்கெட் சும்மா கெடந்தது மேடம், அதான்” என்றான்.

செல்லத்துரை

காணாமல் போனவற்றில் ஒரு ரிப்போர்ட் பவானி என்கிற சின்னப் பெண்ணுடையது. அப்பா செல்லத்துரை தென்காசிப் பக்கத்துக்காரர், விழிஞ்ஞத்தில் கட்டட வேலை. பெண்ணுக்கு டெங்கு என்று வார்டில் சேர்த்திருந்தார்கள். அன்று எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் பயப்படுகிற அளவுக்குக் குறைந்திருந்தன. ஸ்டெல்லா அக்கா அதை அடித்து, சேவ் ஆனதைப் பார்த்துவிட்டு, ஜன்னலில் நின்ற செல்லத்துரையிடம், “குறைஞ்சிருக்கு, கம்ப்யூட்டர்ல போட்டாச்சு, நீங்க மேல போய் டாக்டரைப் பாருங்க” என்று அனுப்பினார். அவர் படியேறிக்கொண்டிருக்கும்போதுதான் கரண்ட் போய் வந்தது. வார்டு டாக்டர் திரையைத் திறந்தார். நேற்றைய ரிப்போர்ட்தான் இருந்தது. நேற்று பரவாயில்லாமல் இருந்தது. “நன்னாயிட்டு இருக்கு, பயப்பட வேண்டாம்” என்று அடுத்த கட்டிலுக்குப் போகப் பார்த்தார்.

செல்லத்துரை நர்ஸ் மேஜை முன்னால் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றார். இன்றைக்கு எடுத்தது எங்கே என்று கேட்டார். அது வரவில்லை என்றார்கள். வந்துவிட்டது என்று கீழே சொன்னார்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை, வழியை மறித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். கடைசியில் டாக்டரே லேபுக்குப் போன் பண்ணினார். குழாய் இன்னும் ஸ்டாண்டில் இருந்தது. ஸ்டெல்லா அக்கா மறுபடி பார்த்து, எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் மாடிக்கு ஓடினார். சாயங்காலத்துக்குள் தட்டணுக்கள் ஏற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் பவானி ஆஸ்பத்திரிக் கஞ்சியைக் குறை சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆனால் இதெல்லாம் பின்னால். அன்று நான் லேப் தரையில் உட்கார்ந்து சர்வரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது செல்லத்துரை ஜன்னலில் வந்து நின்றார். சட்டையில் சிமெண்ட். இதைப் பார்த்துக்கொள்கிற ஆள் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன ஆச்சு என்றார். டிஸ்க், மெமரி, கரண்ட் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “அதெல்லாம் சரிம்மா” என்றார். “எழுதிட்டேன்னு சொன்னா, எழுதியிருக்கணும் இல்லியா?”

கட்டத்துக்கு ஒன்று

நான் யாரையும் கேட்காமல் பினுவின் வரியை அங்கேயே பழையபடி மாற்றினேன். சுகுமாரன் சாருக்குப் போன் பண்ணி மாற்றிவிட்டேன் என்றேன். அவர் சாரமில்ல என்று சொல்லவில்லை. லேப் மறுபடி நத்தையானது. ஸ்டெல்லா அக்கா அதற்குப் பிறகு எங்களைத் திட்டவே இல்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. வேண்டாத ஃபிளஷை மட்டும் கண்டுபிடித்து எடுக்கவேண்டும், வேண்டியதில் கை வைக்கக் கூடாது என்று தீர்மானமாயிற்று.

முதல் குற்றவாளி வீட்டிலேயே அகப்பட்டான். பினுவின் புரோகிராம் எப்போதெல்லாம் ஃபிளஷ் கேட்கிறது என்று பார்த்தேன். ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்தை விட்டு அடுத்ததற்குப் போகும்போதெல்லாம் ஒரு ஃபிளஷ். ஒன்றும் அடிக்காமல் சும்மா கடந்து போனாலும் ஒரு ஃபிளஷ். முழுவதும் முடிந்து சேவ் அழுத்தினால், கட்டங்கள் எல்லாவற்றுக்கும் இன்னொரு சுற்று. பினுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் முகம் வாடித்தான் இருந்தது. பாதுகாப்பு என்று நினைத்து எழுதியதாகச் சொன்னான். அன்றே உட்கார்ந்து ஒரு ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று ஆக்கிவிட்டான். பாதி ரிப்போர்ட்டைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்தால் அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்வார் என்று கேட்டேன். அவன் உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னான்: “அது டாக்டர்கிட்ட கேக்கல, சேச்சி.”

பஸ்ஸில்

பாதி நோய் குணமானது. மீதிப் பாதியைப் பற்றி நானும் பினுவும் பார்த்த இடத்திலெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கிழக்கே கோட்டையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவன் போன் பண்ணினான். கூட்டம். என்ஜின் சத்தம். நான் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. “ஒரு தடவை ஃபிளஷ் பண்ணினா போறும் பினு! ரெண்டாவது தடவை எதுக்கு? அனாவசியம்! ... இல்லை, பண்ணாமலே விடக் கூடாது. பண்ணாம விட்டு என்ன ஆச்சுன்னு பாத்தோமில்ல! ... ஒருத்தர் பண்ணின உடனே இன்னொருத்தர் போய்ப் பண்ணறா, அதான் லேட் ஆறது!”

பஸ்ஸில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். போனை வைத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், மடியில் காய்கறிப் பையோடு, திருவல்லத்தில் இறங்கவேண்டியவர், இறங்குகிற வரைக்கும் தயங்கிவிட்டு எழுந்திருக்கும்போது என் தோளைத் தொட்டார். “எங்க வீட்டிலயும் அதே கஷ்டம்தான் மோளே. நாங்க இப்பம் வாளியில கோரி ஊத்துறதாக்கும்.”

தாலி ஏறுகிற நேரம்

பஸ்ஸில் நான் கத்தியது உண்மை. லினக்ஸின் கோட் எல்லாரும் படிக்கலாம் என்று திறந்து கிடப்பது. ஃபைல் சிஸ்டம் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் படித்தேன். ஒரு புரோகிராம் இதைத் தட்டில் எழுது என்று கேட்டால், ஃபைல் சிஸ்டம் ஜர்னலிடம் சொல்கிறது. ஜர்னல் தன் குறிப்பை எழுதி, முடிவில் தானே ஒரு ஃபிளஷ் அனுப்புகிறது. அதில் நம் ரிப்போர்ட்டும் சேர்ந்து தட்டுக்குப் போய்விடுகிறது. இது தெரியாமல், திரும்பி வந்த ஃபைல் சிஸ்டம் தன் கடமைக்கு இன்னொரு ஃபிளஷ் அனுப்புகிறது. அதற்குள் வேறு யாராவது எதையாவது எழுதியிருப்பார்கள். டிஸ்க் அதையும் சேர்த்து எழுதி முடித்தால்தான் பதில் வரும். எல்லாரும் காத்திருக்கிறார்கள். ஜர்னல் ஃபிளஷ் அனுப்பப்போகிறதா என்று முதலில் பார். அனுப்பினால் நீ சும்மா இரு. ஜர்னலுக்கு அப்போது வேலையே இல்லை என்றால் மட்டும் நீ அனுப்பு. நான் எழுதிச் சேர்த்தது இவ்வளவுதான்.

எழுதுவது சுலபம், நம்புவது எப்படி? எழுதிக்கொண்டே இருக்கும்போது கரண்ட்டைப் பிடுங்கி, மறுபடி போட்டு, எழுதியாச்சு என்று சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கி சாக்கெட் தளர்ந்து பொறி பறக்க ஆரம்பித்தது. சுகுமாரன் சார் பயந்துபோய், இனிமேல் மெயின் ஸ்விட்சைத்தான் அணைக்கவேண்டும் என்றார். மாடிக்கு என்று இருந்த அந்த ஸ்விட்சில்தான் கீழ்வீட்டுக் கூடமும் ஓடுகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. கீழே வீட்டுச் சொந்தக்காரி பட்டு மாமி, டிவி சீரியல். மாமி நாலைந்து தடவை பொறுத்தாள். அப்புறம் படியேறி வந்தாள். நான் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு பெண் குழந்தை ரிப்போர்ட் விஷயமான சோதனை என்று சொன்னேன். மாமி மூச்சு வாங்கியபடியே கேட்டுவிட்டு, “பேஷா பண்ணுங்கோடி, நான் வேண்டாங்கலை. சீரியல்ல அவ கழுத்துல தாலி ஏறறதா இல்லியான்னு பாத்துட்டு ஒரு குரல் குடுக்கறேன், அப்பறம் அணைச்சுக்கோ” என்றாள்.

சோதித்தவர்கள்

மாமி குரல் கொடுத்த பிறகு அணைத்து, குரல் கொடுக்காதபோது காத்திருந்து, இப்படியாகச் சோதனை முடிந்தது. ஒன்றும் தொலையவில்லை. நான் மாற்றியதை, அந்த ஃபைல் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மெயிலில் அனுப்பினேன். உலகத்தின் எந்த மூலையிலோ இருந்த ஒருவர் பதில் போட்டார். என் மாற்றத்தில் ஒரு தப்பு இருந்தது. ஜர்னல் தன் ஃபிளஷை முன்பே அனுப்பி முடித்திருந்து, அதற்கப்புறம் யாராவது பழைய இடத்திலேயே திருத்தி எழுதியிருந்தால், நான் சும்மா இருந்துவிடுவேன். அது போய்விடும். செல்லத்துரை ஜன்னலில் நின்று கேட்டதுதான் காதில் ஒலித்தது. திருத்தினேன். அந்த நிலைமையை வேண்டுமென்றே உண்டாக்கி மறுபடி சோதித்தேன். மாமிக்கு அந்த வாரம் சீரியல் பாதிதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை அனுப்பியபோது, எப்படிச் சோதித்தாய் என்று கேட்டார். மறைக்க என்ன இருக்கிறது என்று ஸ்விட்ச், கூடம், மாமி, தாலி எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்த மாதிரி மாற்றங்களுக்குக் கீழே எழுதியவர், சோதித்தவர் என்று பேர் போடுகிற வழக்கம் உண்டு. மாற்றம் சரியாக இருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. கடைசியில் ஒரு வரி: “சோதித்தவர் என்ற இடத்தில் கீழ்வீட்டு அம்மையாரின் பேரையும் போட அவருக்குச் சம்மதமா?”

சுகுமாரன் சார் படித்துப் பார்த்தது

மாமி சம்மதிக்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் பேர் கொடுப்பது வம்பு என்றாள். சுகுமாரன் சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் கம்பெனி எழுதியது உலகம் பூராவும் ஓடப்போகிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதை அச்சடித்து ஃபிரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டவேண்டும் என்றார். அச்சடித்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பின்பக்கம் திருப்பினார்; காலி. மறுபடி முன்பக்கம். மொத்தமே விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வரிகள். அவற்றிலும் பாதி, ஒன்றும் செய்யாதே என்று சொல்லும் வரிகள். ஃபிரேம்காரரிடம் எந்த அளவு சொல்வது என்று அவருக்குக் குழப்பமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “உமா, இத்தன மாசம் எழுதினது இதேயுள்ளோ, இவ்வளவுதானா?”

ஒன்றும் நடக்கவில்லை

மாற்றிய சிஸ்டத்தை ஆஸ்பத்திரியில் போட்டோம். ஃபிளஷ் உத்தரவு முழுசாக வேலை செய்தது. ஆனால் தேவையான இடத்தில் மட்டும். வரிசை வராந்தாவுக்குள்ளேயே நின்றது. பினுவின் அந்த ஒரு வரி அளவுக்கு வேகம் இல்லை. மணல் கடிகாரம் ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டுப் போகும். யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. சென்ட்ரிஃபியூஜுக்குத் தனியாக ஒயர் இழுத்து, யு.பி.எஸ். சாக்கெட்டின் வாயில் நானே பிளாஸ்டர் ஒட்டினேன். அதற்குப் பிறகும் நான் அந்தப் பக்கம் இடிச் சத்தம் கேட்டால் கைபேசியைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன்.

அடுத்த மழைக் காலத்தில் ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது. செருப்பைத் தேடிக்கொண்டே எடுத்தேன். முந்தின நாள் மத்தியானம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, யு.பி.எஸ்.ஸும் தீர்ந்து, சர்வர் அப்படியே நின்றுவிட்டதாம். கரண்ட் வந்ததும் அதுவாகவே எழுந்ததாம். அவர் ஒவ்வொரு ரிப்போர்ட்டாகக் குழாயோடு ஒத்துப் பார்த்தாராம். எல்லாம் இருந்ததாம். நான் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாமே இருந்ததா என்று மறுபடி கேட்டேன். என் கேள்வியை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “ஒண்ணும் போகல மேடம். அதுதான் கேக்கேன், மெஷின்ல ஏதாவது கேடு இருக்குமோ?”

ஆக, என் உத்தியோக காலத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஏற்கெனவே முடிந்த வேலையை முடிந்ததா என்று இன்னொரு தடவை கேட்காமலிருக்க ஒரு மெஷினுக்குக் கற்றுக்கொடுத்ததுதான். அதே மாற்றத்தை மேலதிகாரிகளுக்குப் பொருத்த வழி கண்டுபிடித்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், சோதிப்பதற்கு நான் தயார்.